அடங்காத குழந்தையும் அணுவிரதமும்

அஹிம்சை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சில உண்டு. நீரை வடிகட்டிப் பருகுகிறோம். கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்கிறோம். கிழங்கு வகைகளை விலக்குகிறோம். கண்ணுக்குப் புலப்படாத உயிருக்கும் நம்மால் தீங்கு நேரலாகாது என்ற அச்சத்தில் பிறந்த வழக்கங்கள் இவை. வழிவழியாக இவற்றைக் காத்துத் தந்த முன்னோர் நம் வணக்கத்திற்குரியவர். ஆயினும், ஒரு கேள்வியை நாம் நமக்குள் கேட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. ஓரறிவு உயிரிடத்தும் இத்துணை அருள் காட்டும் நாம், வகுப்பில் அமராமல் ஓடுகின்ற, காரணம் தெரியாமல் அலறுகின்ற, அருகில் இருப்பவரைக் கடிக்கின்ற ஒரு குழந்தையிடம் எவ்வாறு நடந்து கொள்கிறோம்?

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு முதலியவற்றோடு பிறந்த குழந்தைகள் எல்லாச் சமூகங்களிலும் உள்ளனர். நம் இல்லங்களிலும் உள்ளனர். அவர்களுள் சிலர் பள்ளியில் அடங்காப் பிள்ளைகள் எனப் பெயர் பெறுகின்றனர். அவர்களை அடக்குவதா, அறிந்துகொள்வதா என்பது கல்வித்துறையினர் மட்டும் பேசித் தீர்க்க வேண்டிய செய்தி அன்று. அஃது ஓர் அறக்கேள்வி. அதற்கு விடை காணும் அளவுகோல் நம் ஆகமங்களிலேயே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒரு வகுப்பறை

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்கும் சாத்தூருக்கும் அண்மையில், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் தாயில்பட்டி என்னும் ஊர் உள்ளது. வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பகுதிகளில் வாழும் நம்மவர்க்கு அது தொலைவான ஊர்தான். ஆயினும் இரு வகையில் அது நமக்கு அயலான ஊர் அன்று. அதற்குத் தெற்கே, மிகுந்த தொலைவில் அல்லாமல், தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்ற கழுகுமலை இருக்கிறது. குரவரும் குரத்தியரும் மாணாக்கர்க்கு அறம் உரைத்த இடம் அது என்பதை அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கல்விச்சாலைக்குப் பள்ளி என்னும் பெயர் வந்தது, துறவியர் உறைந்த இத்தகைய பள்ளிகளால்தான் என அறிஞர் கூறுவர். மற்றொன்று, பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய திருநாளாக நாம் போற்றும் தீபாவளியன்று நாடெங்கும் வெடிக்கப்பெறும் பட்டாசுகளில் பெரும்பகுதி அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் உருவாகின்றது.

தாயில்பட்டி போன்றதோர் ஊரில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவனை மனக்கண்ணில் நிறுத்திக் கொள்வோம். குறிப்பிட்ட எவரையும் சுட்டுவது நம் நோக்கம் அன்று. இஃது ஓர் எடுத்துக்காட்டே. அவனுக்குப் பேச்சு மிகக் குறைவு. தாயும் தந்தையும் விடியற்காலையில் பட்டாசு ஆலைக்குப் புறப்பட்டு விடுகின்றனர். பாட்டிதான் அவனைப் பள்ளியில் விடுகிறார். நாள்தோறும் முற்பகலில் அவன் தன் கையைத் தானே கடித்துக் கொள்கிறான், மேசையைத் தள்ளுகிறான், தடுக்க வரும் தோழனை அடிக்கிறான். நாற்பது பிள்ளைகளை வைத்துக் கொண்டு ஆசிரியை என்ன செய்வார்? முதலில் அதட்டுகிறார். பிறகு மூலையில் நிறுத்துகிறார். அடுத்து, பாட்டியை அழைத்து, வீட்டிலேயே வைத்துக் கொள்ளுமாறு சொல்கிறார். அவர் கொடியவர் அல்லர், களைத்துப் போனவர். பாட்டியும் தலை குனிந்து, “முன்செய்த வினை” என்று கூறி அவனை அழைத்துச் செல்கிறார்.

இங்கே பிழை செய்தவர் யார்? தீய எண்ணம் எவரிடமும் இல்லை. ஆயினும் ஓர் உயிர் துன்புற்றது. அதன் கல்விக் கதவும் அடைபட்டது.

ஐந்து குற்றங்கள்

இல்லறத்தார்க்குரிய அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தை மாசுபடுத்தும் ஐந்து குற்றங்கள், சொல்லப்பட்டுள்ளன. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரமும், சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவற்றை எடுத்துரைக்கின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பனவே அவை. பெரும்பாலும் கால்நடைகளையும் ஏவலரையும் கருத்திற்கொண்டே இவற்றிற்கு விளக்கம் தரப்படுகின்றது. ஆனால் ஒரு வகுப்பறையின் வாயிலில் நின்று இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

கட்டுதல் என்பது கயிற்றால் கட்டுவது மட்டும் அன்று. ஓடாதிருக்க நாற்காலியோடு பிணைப்பதும், தனி அறையில் அடைப்பதும் கட்டுதலே. கட்டுதல் எங்கே கொண்டு போய்விடும் என்பதைத் தமிழகம் ஒருமுறை கண்டிருக்கிறது. விருதுநகருக்கு அடுத்த இராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்கள் பள்ளிக் குழந்தைகள் அல்லர், மனநோயுற்றவர்கள். ஆயினும், “வேறு வழியில்லை, கட்டித்தான் வைக்க வேண்டும்” என்ற அதே சொல்தான் அவர்களையும் பிணைத்திருந்தது. மனநோயுற்றோரைச் சங்கிலியால் பிணைத்தலை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடை செய்துள்ளது.

அடித்தலைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வருத்துதலையும் விலக்கியுள்ளது. உறுப்பைச் சிதைத்தல் இன்று எந்தப் பள்ளியிலும் இல்லை எனலாம். ஆனால் தன் கையைத் தானே கடித்துப் புண்ணாக்கிக் கொள்ளும் குழந்தையைக் கண்டும் காரணம் தேடாமல் இருந்தால், அச்சிதைவில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

நான்காவது, அளவுக்கு மீறிய சுமை. பத்துக் கணக்குகளைப் பலகையைப் பார்த்து எழுதுவது மற்றப் பிள்ளைகளுக்கு இயல்பான வேலை. கண்ணால் கண்டதைக் கைக்குக் கொண்டுவரத் தடுமாறும் குழந்தைக்கு அது தலைமேல் ஏற்றிய மூட்டை. ஓசையும் ஒரு சுமையே. ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலர்க்கு ஒலியும் ஒளியும் தீண்டலும் நம்மை விடப் பன்மடங்கு உறைக்கின்றன. 2013ஆம் ஆண்டு முதல் மருத்துவர் ஆட்டிசத்தை உறுதி செய்யும் அடையாளங்களுள் இதுவும் ஒன்றாக ஏற்கப்பட்டுள்ளது. வெடி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசு கூடாது என 1999இல் அரசு விதி செய்தது. ஆனால் அந்த அளவு பொதுவானவர் செவிக்கு. அக்குழந்தையின் செவிக்குப் பள்ளி மணியே ஒரு வெடி.

ஐந்தாவது, உணவு மறுத்தல். “அடங்கி உட்கார்ந்தால்தான் சாப்பாடு” என்பது சிலர் கையாளும் எளிய கருவி. பசித்த பிள்ளை படிக்க வராது என்றுணர்ந்து 1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டு வந்த காமராசர் பிறந்த மண் விருதுநகர். அங்கு மட்டுமன்று, எங்குமே ஒரு குழந்தையின் சோற்றைத் தண்டனைக் கோலாக்குவது அறம் ஆகாது.

வினையின் பெயரால்

இனி, பாட்டி சொன்ன சொல்லுக்கு வருவோம். வினைக் கொள்கை நம் சமயத்தின் உயிர்நாடி. ஆகவே நாம் அதனைக் கையாள்கையில் மற்றவரினும் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஒரு குழந்தையின் குறைபாட்டை “அதன் வினை” என்று கூறி ஒதுங்குவோர், வினைக் கொள்கையின் பாதியை மட்டும் படித்தவர்.

மறுபாதி யாது? நம் செயலால் நமக்கு எவ்வினை வந்து ஒட்டுகிறது என்பது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் இதனைத் தெளிவாக வகுக்கிறது. பிறர்க்குத் துன்பமும் துயரமும் அழுகையும் விளைப்பது அசாதா வேதனீயத்திற்குக் காரணம். பிறர் அறிவு பெறுவதற்கு இடையூறு செய்வது ஞானாவரணீயத்திற்குக் காரணம். எனவே, அறிவு மறைப்புண்ட ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்குபவர், அக்குழந்தையின் பழவினையைச் சுட்டிக் காட்டியபடியே, தமக்கு அதே வினையைப் புதிதாகச் சேர்த்துக் கொள்கின்றார். குழந்தையின் பழவினை நம் கையில் இல்லை. நாம் இன்று செய்யும் வினை நம் கையில் இருக்கிறது. நாளை கணக்குக் கேட்கப்படுவதும் அதற்கே.

நடத்தை என்பது ஒரு மொழி

அக்குழந்தை ஏன் கடிக்கிறது? அடம், திமிர், வளர்ப்புக் குறை என்று நாம் பெயரிடுவன எல்லாம் காரணங்கள் ஆகா. அவை நம் சலிப்பின் பெயர்கள். 1985இல் எட்வர்டு கார், மார்க் டுராண்ட் என்னும் இரு உளவியலார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளின் அலறலும் அடித்தலும் எப்போது எழுகின்றன என அவர்கள் கூர்ந்து நோக்கினர். சிலர்க்கு வேலை கடினமானபோதும், சிலர்க்கு ஆசிரியரின் கவனம் குறைந்தபோதும் அவை எழுந்தன. “எனக்குப் புரியவில்லை” என்றோ, “நான் நன்றாகச் செய்கிறேனா” என்றோ கேட்க அவர்களுக்குக் கற்பித்தபோது, அந்நடத்தை வெகுவாகக் குறைந்தது. சொல் கிடைத்ததும் கடிக்கும் தேவை குறைந்தது என்பதே இதன் சாரம். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விச் சட்டம் 1997இல் திருத்தப்பட்டபோது, தண்டிப்பதற்கு முன் காரணம் ஆராய்ந்து துணைசெய்யும் முறை சட்டத்திலேயே இடம் பெற்றது. நடத்தை ஆதரவுத் திட்டம் என்று இன்று வழங்குவது இதனையே.

இதில் நமக்குப் புதுமை ஒன்றும் இல்லை. ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு, நாம் காண்பது ஒரு பக்கமே என்பது அநேகாந்தம். ஆசிரியை நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது குறும்பு. குழந்தை நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது முறையீடு. அநேகாந்தத்தைச் சொற்பொழிவில் கேட்டு மகிழும் நாம், அதனை ஒரு குழந்தையிடம் கையாண்டு பார்ப்பதில்லை.

எழுதி வைத்த விழிப்பு

ஹிம்சை எதனால் விளைகிறது என்று கேட்டால், பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், என்று நம் ஆசாரியர்கள் விடையிறுப்பர். துறவியர் நடக்குங்கால் நுகத்தடி அளவு நிலத்தை முன்னே பார்த்து அடியெடுத்து வைப்பர். அது ஈரியா சமிதி. நடத்தை ஆதரவுத் திட்டம் என்பது வகுப்பறையில் கைக்கொள்ளும் ஈரியா சமிதியே. குழந்தை வெடித்த பின் என்ன செய்வது என்பதற்கு முன்பாக, வெடிக்காமல் இருக்க நாம் எங்கே காலடி வைக்க வேண்டும் என்று பார்த்து நடப்பது அது.

அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. நம் எடுத்துக்காட்டுச் சிறுவனுக்கு ஆசிரியை ஒரு குறிப்பேடு வைக்கட்டும். இரண்டு வாரம், ஒவ்வொரு முறையும், முன்பு நிகழ்ந்தது என்ன, அவன் செய்தது என்ன, பின்பு நிகழ்ந்தது என்ன என்று மூன்று பத்தியில் எழுதட்டும். மணியடிக்கும் வேளையிலும், எல்லாரும் உரக்க வாய்ப்பாடு சொல்லும் வேளையிலும், எங்கோ வெடிச் சத்தம் கேட்கும் வேளையிலுமே அவன் கையைக் கடிக்கிறான் என்பது அக்குறிப்பேட்டில் தெரிய வரலாம். மூலையில் நிறுத்தியபோது அவன் அமைதியானது தண்டனைக்கு அஞ்சியன்று, மூலையில் ஓசை குறைவு என்பதால் என்பதும் தெரிய வரலாம்.

அதன்பின் ஒரு பக்கத்தில் திட்டம் எழுதலாம். மணி தொங்கும் இடத்திலிருந்து விலகிய இருக்கை. மணியடிக்குமுன் தோளில் தட்டாமல் கையசைத்து முன்னறிவிப்பு. காதை மூடிக்கொள்ள ஒரு துணிப்பட்டை. பத்துக் கணக்குக்கு மாறாக மூன்று. “போதும்” என்று எழுதிய ஓர் அட்டையை அவன் நீட்டினால், ஐந்து நிமிடம் மரத்தடியில் இருக்க இசைவு. அவன் அட்டையை நீட்டும் ஒவ்வொரு முறையும் பாராட்டு. மீறி அவன் அடித்தால் அவனை இழுக்காமல், மற்றப் பிள்ளைகளை அப்புறப்படுத்துதல், சொற்களைக் குறைத்தல், அடங்கிய பின் பழித்துரையாமை. இவற்றை யார் செய்வது, எந்நாளில் மீண்டும் ஆராய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். பாட்டிக்கும் பெற்றோர்க்கும் அது படித்துக் காட்டப்படுதல் வேண்டும். வீட்டில் அவனை ஆற்றுவது எது என்பதைப் பாட்டியை விட நன்கறிந்தவர் யார்?

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ற வசதியைப் பள்ளிகள் செய்து தர வேண்டும் என்கிறது. தமிழகத்தில் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் உள்ளனர். பெற்றோர் அங்குச் சென்று கேட்கலாம். தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 மாணவர்க்கும், மேல் வகுப்புகளில் 15 மாணவர்க்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் விதி செய்தது. நூலில் உள்ள இவ்வளவும் ஊருக்கு வந்து சேரக் கேட்பவர் வேண்டும்.

எழும் ஐயங்கள்

மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கு அநீதி இல்லையா என்பர் சிலர். ஐயம் நேர்மையானது. அடிபட்ட தோழனின் வலியும் வலியே. அவனையும் காப்பது அறமே. ஆனால் விலக்கி வைப்பதால் அவன் காக்கப்பட்டான், பிறர் துன்பத்தை விலக்கி வைப்பதே வழி என்ற பாடத்தையும் கற்றான். திட்டத்தால் அவன் காக்கப்படுவதோடு, காரணம் தேடும் பொறுமையையும் கற்கிறான். இவ்விரண்டில் எது பள்ளியில் கற்க வேண்டிய பாடம்?

ஆபத்தில் பிடித்து நிறுத்துவதும் குற்றமா என்பர் வேறு சிலர். இல்லறத்தார்க்குச் சங்கற்ப ஹிம்சை முற்றும் விலக்கு. காத்தற்பொருட்டு நேரும் விரோதி ஹிம்சை அத்தகையது அன்று என நம் நூல்கள் பிரித்துக் காட்டும். சாலையை நோக்கி ஓடும் குழந்தையைப் பற்றி நிறுத்துவது அருட்செயல். ஆனால் அதே குழந்தையை நாள்தோறும் பற்றி நிறுத்த நேர்ந்தால், குற்றம் குழந்தையிடத்தில் இல்லை. ஒருநாள் நேர்வது தவிர்க்க இயலாத நிகழ்ச்சி. நாள்தோறும் நேர்வது நம் விழிப்பின்மை.

மூன்றாவது ஐயத்தை நாமே எழுப்பிக் கொள்ள வேண்டும். அது சற்று ஆழமானது. திட்டமே ஒரு கட்டு ஆகிவிடக் கூடும். குழந்தை அசையாமல், ஓசையின்றி, நமக்குத் தொல்லையின்றி இருப்பதே நோக்கமானால், மிட்டாய் கொடுத்து அடக்குவதும் கயிறு கொண்டு அடக்குவதும் நெருங்கிய உறவுடையவையே. கைகளை அசைத்துக் கொண்டிருப்பது ஒரு குழந்தைக்கு ஆறுதல் தருமானால், அதனால் எவர்க்கும் ஊறு இல்லையானால், அதை நிறுத்த நமக்கு என்ன உரிமை? எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே. இவ்வரி குழந்தையின் துன்பத்தைக் குறைக்கிறதா, நம் சிரமத்தை மட்டும் குறைக்கிறதா?

நம் கடமை

அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களைச் செய்து வாழ்பவர் நாம். அன்னதானத்திற்கும் சாத்திர தானத்திற்கும் நம் ஊர்களில் குறைவில்லை. அபயதானத்தை மட்டும் உயிர்களைக் கொலையினின்று மீட்பதாகவே கொண்டுவிட்டோம். அச்சத்தினின்று விடுவிப்பது எதுவாயினும் அபயதானமே. மணியோசைக்கும், அதட்டலுக்கும், பிறர் நகைப்புக்கும் நடுங்கி வாழும் ஒரு குழந்தைக்கு, “இங்கே உனக்கு அச்சம் இல்லை” என்று ஓர் இடத்தை அமைத்துத் தருவதினும் சிறந்த அபயதானம் வேறு உண்டோ?

அதனை நம் வாயிலிலேயே தொடங்கலாம். மிகக் கடுமையான குறைபாடுடைய குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடம் தந்தது. அது வேண்டுவோர்க்கான வசதி. ஊரார் கண்ணுக்கு மறைக்க விழைவோர்க்கான திரை அன்று. இத்தகைய பிள்ளையைத் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் அழைத்து வரத் தயங்கும் பெற்றோரை நாம் முன்சென்று அழைப்போம். ஆலய விழாக்களில் ஒலிபெருக்கியின் ஓசையைச் சற்றுக் குறைப்போம். பூசை நடுவே ஒரு குழந்தை எழுந்து ஓடினால் திரும்பிப் பார்த்து முகம் சுளியாதிருப்போம். நம்மவருள் ஆசிரியப் பணியில் உள்ளோர் பலர். அவர்கள் தத்தம் வகுப்பில் ஒரு குறிப்பேட்டைத் திறக்கட்டும்.

பகவான் வீடுபேறு எய்திய விடியலில், மறைந்த ஞான ஒளிக்கு ஈடாக அன்றைய மன்னர்கள் விளக்கேற்றினர் என்பது நம் மரபு. விளக்கு ஓசையின்றி எரிவது. வரும் தீபாவளியன்று அவ்விளக்கை ஏற்றும்போது, தாயில்பட்டியிலோ நம் தெருவிலோ காதைப் பொத்திக் கொண்டு மூலையில் ஒடுங்கியிருக்கும் ஒரு பிள்ளையை நினைத்துக் கொள்வோம். நீரை வடிகட்டும் கையும், அக்காதை மூடித் தரும் கையும் ஒரே விரதத்தைத்தான் காக்கின்றன.

அருளறம் ஓங்குக!